‘ஒண்ணும் செய்யாது’ என்று நான் சொன்ன நாய்

போன மாதம் நீங்கள் நாலு பேர் வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கும் வீட்டை வாடகைக்கு விடுகிறோம், அதே வீட்டில் நாங்கள் வளர்க்கிற நாயும் பூனையும் இருக்கின்றன, அதை முன்கூட்டியே சொல்லத்தான் வேண்டுமா, சொன்னால் ஆள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்களே என்று. அன்றைக்கு நான் காப்பி கொடுத்து, வேறு பேச்சுப் பேசி அனுப்பிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. வாயில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது மூணாம் கிளாஸ். அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால்தான் போனேன்.

படிப்பு இல்லையே தவிர, தொழிலில் என்னைத் தூக்கிச் சாப்பிட விராலிமலையில் அன்றைக்கு ஆள் கிடையாது. இதை நான் சொல்லக் கூடாது, ஆனால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்? மலைக்குக் கீழே, திருச்சி ரோட்டை ஒட்டி, மண் சுவராக நின்ற ஓர் இடத்தை வாங்கி, என் கையால் கல் சுமந்து, ஆறு அறை கட்டி ஓடு போட்டேன். பின்கட்டில் நான் இருந்தேன். முன்கட்டு யாத்திரைக்காரர்களுக்கு. தைப்பூசம், வைகாசி விசாகம் வந்தால் என் வீட்டில் இடம் பிடிக்க முன் மாதமே ஆள் சொல்லி அனுப்புவார்கள். மொட்டை எங்கே போடுவது, சாமிக்குச் சுருட்டு எந்தக் கடையில் வாங்குவது, மயில் எந்தப் பாறைக்கு வரும், மதுரை பஸ் எத்தனை மணிக்கு, எல்லாம் என்னைக் கேட்டுத்தான். முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், இவர் குளிக்க வெந்நீர் கேட்பார், இவர் தலையணையைக் குறை சொல்வார் என்று. அப்படிப்பட்ட நான்தான் இந்தக் காரியத்தைச் செய்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எனக்குத் தொழில் காட்டியவர் ஒருவர் உண்டு. அவரை நான் வாத்தியாராக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் என் கேடு. புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், திருமயம் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டில் எனக்கு வேலை கிடைத்தது. வீட்டுக்காரர்கள் கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டி வட்டிக்கடை வைக்கப் போனவர்கள். பிள்ளைகள் எல்லாம் கப்பலேறி அங்கிட்டே இருந்துவிட்டார்கள். ஆச்சி ஒருத்தர் மட்டும் இருந்தார். வெளியூரிலிருந்து கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வருகிறவர்களுக்கு முன்கட்டை நாலு நாள், பத்து நாள் என்று விடுவார்.

அந்த ஆச்சியிடம் ஒரு வழக்கம் இருந்தது. குதிரை வண்டி வந்து நின்றதும் நான் பெட்டியை இறக்கப் போவேன். “தொடாதே” என்பார். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பார். பிறகு வாசலில் நின்றபடியே சொல்ல ஆரம்பிப்பார்.

“வாங்க. கேட்டுக்கிட்டு உள்ள வாங்க. கொல்லையில பசு நிக்கிது, புது ஆளக் கண்டா முட்டும். கிளி ஒண்ணு இருக்கு, பிள்ளைக விரலை நீட்டக்கூடாது. நாய் ஒண்ணு இருக்கு, கெழடு, தூக்கத்துல மிதிச்சா கடிக்கும். போன வருசம் பால்காரனைக் கடிச்சிருக்கு. இம்புட்டுத்தான். இனிமே ஒங்க இஷ்டம்.”

பால்காரனைக் கடித்ததைக்கூடச் சொல்வார்! ஒருமுறை காரைக்குடிப் பக்கமிருந்து ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு வந்தது. இதைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

“ஏன் ஆச்சி, வீடு தேடி வந்தவங்களை நீங்களே வெரட்டுறீகளே?”

“நானா வெரட்டுனேன்? அவுக கேட்டாக, போறாக.”

“நாயைக் கட்டிப் போட்டுட்டா யாருக்குத் தெரியப் போவுது?”

“நமக்குத் தெரியுமுல்ல? அவுகளுக்குத் தெரியாது. அது ஒண்ணு போதாதா சொல்றதுக்கு?”

எனக்கு அது கிழவி பேச்சாகப் பட்டது. நான் வீடு வைத்தால் இப்படி வைக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். சொன்னபடி விராலிமலையில் வீடும் வைத்தேன். வருகிறவர்கள் நாயைப் பார்த்து ஒதுங்கினால், எனக்கென்று ஒரே ஒரு வார்த்தை வைத்திருந்தேன். “ஒண்ணும் செய்யாதுங்க, வாங்க.” சிரித்துக்கொண்டே சொல்வேன். நம் தொழிலில் இருக்கிற எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். நீங்களும் சொல்கிறீர்கள், நான் கேட்டிருக்கிறேன்.

என் நாய்க்கு சிப்பாய் என்று பெயர். பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் குட்டியாகக் கொடுத்தது. செவலை நிறம், நெஞ்சு அகலம். ‘சிப்பாய் இருக்கிற வீட்டில் ஒற்றைச் செருப்புக்கூடக் காணாமல் போகாது’ என்று யாத்திரைக்காரர்களே பேசிக்கொள்வார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை!

ஒரு கார்த்திகைக் கடைசியில் சிப்பாய் மலைக்குப் பின்னால் முள்ளுக்காட்டுக்குள் போய், காது கிழிந்து திரும்பி வந்தது. ஆடு மேய்க்கிறவர் ஒருவர் பார்த்திருக்கிறார். பகலிலேயே ஒரு நரி வெட்டவெளியில் தள்ளாடி வந்து நாய் மேல் விழுந்ததாம். “பகல்ல வர்ற நரி நல்ல நரி இல்லைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் காதில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன். ஆறிவிட்டது. மறந்தேன் என்று எழுதினால் பொய். மறக்கவில்லை. தைப்பூசம் வருகிறது, இப்போது எதற்கு அந்தப் பேச்சு என்று உள்ளே போட்டு மூடிவைத்தேன்.

பூசத்துக்கு முதல் நாள் மீமிசல் பக்கமிருந்து மூன்று பேர் வந்தார்கள். சேது என்று ஒருவர், கடல் தொழில். அவர் மனைவி. ஆறு வயதுப் பெண் வள்ளி. வள்ளிக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டுதல். திருவிழாக் கூட்டம் நெருக்கியது. வருகிறவர்களின் பெயரையும் ஊரையும் எழுதி வைக்க ஒரு நோட்டு வைத்திருந்தேன், அதிலும் அன்று எழுதவில்லை. எழுதுவது எனக்குச் சிரமம், அவசரத்தில் விட்டுவிட்டேன்.

வாசலில் சிப்பாயைப் பார்த்ததும் வள்ளியின் ஆத்தா நின்றுவிட்டார்.

“அண்ணே, நாய் கடிக்குமா?”

“ஒண்ணும் செய்யாது தாயி, வாங்க.”

“காது ஏன் கிழிஞ்சிருக்கு?” இது வள்ளி.

“சண்டையில வாங்குன மெடலு பாப்பா.”

“யாரோட சண்டை?”

ஆறு வயதுப் பிள்ளை சரியான கேள்வியைக் கேட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எதிரியோட!” என்று சொல்லி மீசையை முறுக்கிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். சேது பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டு நாள் இருந்தார்கள். அந்த இரண்டு நாளும் சிப்பாய் சரியாகச் சாப்பிடவில்லை. குரைப்பு கம்மிக் கேட்டது, தொண்டை கட்டின ஆள் பேசுகிற மாதிரி. ஆனால் பிரியம் மட்டும் ஒரேயடியாகக் கூடியிருந்தது. யார் வந்தாலும் உரசியது, நக்கியது. சேது கொல்லையில் உட்கார்ந்து பிரசாதச் சோற்றை அதற்கு ஊட்டிப் பார்த்தார். சோற்றை விட்டுவிட்டு அவர் கையையே நக்கிக்கொண்டிருந்தது. வலைக் கயிறு இழுத்து இழுத்து வெடித்துப்போன கை. விரல் இடுக்கெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பிளந்து கிடந்தது.

“கடல்காரன் கையில அண்ணே, எத்தனை தடவை கழுவினாலும் உப்பு போகாது. ஒங்க நாய் ருசி கண்டுருச்சு” என்று சேது சிரித்தார்.

“அதுக்கும் ஊறுகாய் வேணுமுல்ல தம்பி” என்று நானும் சிரித்தேன். என் கண்ணால் பார்த்தேன். இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்புகிற காலையில் வள்ளி நாயோடு ஓடி விளையாடியபோது அதன் பல் அவள் கெண்டைக்காலில் பட்டு ஒரு கோடு விழுந்தது. ரத்தம் ஒரு சொட்டு. அவள் ஆத்தா ஓடி வந்தார்.

“அண்ணே, புள்ளை காலைக் கவ்விருச்சு!”

“வெளையாட்டுக்குக் கவ்வியிருக்கும் தாயி. சிப்பாய் ஒண்ணும் செய்யாது.”

இரண்டாம் தடவை சொன்னேன். கொஞ்சம் மஞ்சள் வைத்து அனுப்பினேன். பஸ் ஏறும்போது வள்ளி சன்னலிலிருந்து சிப்பாய்க்குக் கை காட்டினாள்.

மறுநாள் சிப்பாய் விறகுக்குப் பின்னால் இருட்டில் போய்ப் படுத்தது. கூப்பிட்டால் வரவில்லை. கட்டிப் போட்டேன். கட்டின கல்தூணையே கடித்துப் பல் உடைந்தது. மூன்றாம் நாள் தாடை தொங்கிவிட்டது, எச்சில் கயிறு மாதிரி ஒழுகியது. இலுப்பூர் போகிற மாட்டு டாக்டரை ரோட்டில் மறித்து அழைத்து வந்தேன். அவர் கொல்லை வாசலைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று பார்த்தார்.

“வெறிதான். சந்தேகமே வேணாம். நரி கிரி கடிச்சுதா?”

“ஆமாங்க. ரெண்டு மாசம் ஆச்சு.”

“யாரைக் கடிச்சுது?”

“கடிக்கலை. ஒரு புள்ளைக்குக் கால்ல பல் பட்டுச்சு.”

“அந்தப் புள்ள எங்க?”

“ஊருக்குப் போயிருச்சு.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. “நோய் கண்டுட்டா ஆண்டவனே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அதுக்கு முன்னாடி ஊசி போட்டாத்தான் பொழைக்கும். பல் பட்டவங்க மட்டுமில்ல, வெடிப்பு, புண்ணு இருக்கிற இடத்துல நக்கியிருந்தாலும் அதே கதைதான். ஒங்க கையைக் காட்டுங்க.”

என் கட்டைவிரலில் ஒரு வெட்டு இருந்தது. “நீங்களும் போட்டுக்கங்க” என்றார். அன்று மத்தியானம் சிப்பாய் செத்தது. ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினேன். புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மீமிசல். பெயர் தெரியும், ஊர் அந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். நோட்டில் நாலு எழுத்து எழுதியிருந்தால் நேரே வீட்டு வாசலில் இறங்கியிருப்பேன். மீன் இறங்குகிற இடத்தில் பெண்கள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“விராலிமலைக்குப் போய் புள்ளைக்கு மொட்டை போட்டவங்க வீடு எதுங்க?”

“இங்க மொட்டைக்கா பஞ்சம்? எந்த மொட்டை வேணும், பெரிய மொட்டையா, சின்ன மொட்டையா?” என்றார் ஓர் அம்மா.

“வேட்டியப் பாருடி, மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கிறாரு. மொட்டையப் பொண்ணு கேட்டு வந்திருக்காரோ என்னமோ!”

கூட்டமே சிரித்தது. “பேரு சேது. பொண்ணு பேரு வள்ளி” என்றேன். என் முகத்தைப் பார்த்து அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு, எழுந்து வந்து தெற்கே இரண்டு கல் தள்ளி ஒரு குப்பத்துக்கு வழி சொன்னார்.

தலையில் சந்தனம் காய்ந்தபடி வள்ளி வாசலில் கிளிஞ்சல் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “சிப்பாய் வந்துருக்கா?” என்று கேட்டாள்.

இந்த இடம்தான், தம்பிகளா. நாயைப் பற்றிச் சொல்வது என்றால் வாசலில் ஒரு தடவை சொல்வது மட்டும் என்று நினைக்காதீர்கள். தப்பு நடந்த பிறகும் முழுசாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுதான் கஷ்டம். அத்தனை பஸ் மாறி, வெயிலில் நடந்து, அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்த நான், சேதுவிடம் வாயைத் திறந்து என்ன சொன்னேன்?

“நாய் செத்துப்போச்சு தம்பி. சந்தேகமா இருக்கு. எதுக்கும் ஒரு பாதுகாப்புக்குப் பாப்பாவுக்கு ஊசி போட்டுரலாம்.”

சந்தேகம்! மாட்டு டாக்டர் சந்தேகமே வேண்டாம் என்றார், நான் சந்தேகம் என்றேன். நரியைச் சொல்லவில்லை. நரியைச் சொன்னால், ‘அன்னைக்கே ஏன் சொல்லலை’ என்று கேட்பார்களே. தூணைக் கடித்ததைச் சொல்லவில்லை. நக்கினால்கூட வரும் என்பதைச் சொல்லவில்லை. பிள்ளைக்குத்தானே ஆபத்து, பிள்ளையைக் காப்பாற்றிவிட்டால் போதும், மற்றதை எதற்குக் கிளற வேண்டும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. ஆறு அறை கட்டின புத்தி.

வள்ளியின் ஆத்தா ஒரு கேள்வியும் கேட்காமல் துணியை மூட்டை கட்டினார். சேதுதான் முணுமுணுத்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

“பதினாலு நாளாமே அண்ணே, தினம் ஒண்ணு?”

“ஆமா தம்பி.”

“அவுக ரெண்டு பேரும் இருக்கட்டும். நான் போகணும். வள்ளத்துல என் எடத்துக்கு ஆளு காத்துக்கிட்டிருக்கான். ரெண்டு வாரம் கரையில உக்காந்தா அந்த எடம் போச்சு. அப்பறம் ஊரான் வள்ளத்துல கூலிக்குப் போகணும்.”

சொல்லிக்கொண்டே வெடிப்புக் கையைத் தேய்த்துக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்தேன். எனக்கு நினைவு வந்தது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமான மனுஷர். வள்ளியின் காலைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொண்டார். பிறகு சேதுவைக் கேட்டார்.

“ஒங்க மேல நாய் வாய் பட்டுச்சா? கையில, கால்ல எங்கயாவது?”

சேது என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்கிற பார்வை. பிறகு, “இல்லைங்க” என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். “நாய்க்காரர், நீங்க சொல்லுங்க.”

அந்த அறையில் எது உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் நான். சேதுவுக்குத் தெரிந்தது ஒரு சந்தேகத்துக்காகப் போடுகிற ஊசி. எனக்குத் தெரிந்தது சாவு. ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ‘நக்கிச்சுங்க.’ அவ்வளவுதான். அவர் வள்ளத்தில் இடம் போய்விடும் என்பது ஒரு பக்கம். வளர்ந்த ஆள், அவரே வேண்டாம் என்கிறார் என்பது ஒரு பக்கம். இதெல்லாம் நான் பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டது. அந்த நிமிஷத்தில் இருந்தது ஒன்றுதான். நான் வாயைத் திறந்தால், நரியிலிருந்து எல்லாம் வெளியே வரும்.

“பாப்பாவுக்கு மட்டுந்தாங்க” என்றேன்.

சேது அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார். ஏறும்போது என் கையைப் பிடித்து, “ரொம்ப நன்றிண்ணே. வேற யாரும் இம்புட்டுத் தூரம் தேடி வந்திருக்க மாட்டாங்க” என்றார்.

பதினாலு நாளும் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்துத் தங்கவைத்தேன். மூன்று வேளையும் நானே சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். வள்ளி பக்கத்தில் நின்று நானும் ஊசி போட்டுக்கொண்டேன். தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள், வயிறு கல்லாக வீங்கும். அவள் அழுவாள். நான் முகம் சுளிக்க மாட்டேன். “பாரு, மாமா அழுறாரா?” என்று நர்ஸ் என்னைக் காட்டுவார். ஊரில் இதைப் பெருமையாகப் பேசினார்கள். வந்த சனத்துக்காக இப்படி யார் செய்வார் என்றார்கள். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பங்குனி முடிகிற சமயத்தில் அந்தக் குப்பத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. எழுத்துக் கூட்டித்தான் நான் படிப்பேன். ஒவ்வோர் எழுத்தாக வந்தது அந்தச் செய்தி. சேதுவுக்குக் கையில் குறுகுறுப்பு என்று ஆரம்பித்ததாம். பிறகு காய்ச்சல். பிறகு தண்ணீரைக் கண்டால் பயம். நாலாம் நாள் முடிந்துவிட்டதாம். வள்ளி சுகமாக இருக்கிறாள் என்று கடைசி வரி. கார்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வந்திருந்த யாத்திரைக்காரர்களுக்கு அறையைத் திறந்துவிட்டேன்.

நான் போகவில்லை. பிள்ளைக்காக அத்தனை தூரம் போனவன், சாவுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு நான் வாசலில் பேச ஆரம்பித்தேன். ஆச்சி மாதிரியே, பெட்டியைத் தொடுவதற்கு முன்னால். நாய் அப்புறம் வளர்க்கவில்லை. ஒரு பசு இருந்தது, ஒரு பூனை இருந்தது. பசு உதைக்கும், பூனை பிறாண்டும், பூனைக்குப் போன வாரம் கண்ணில் சீழ், எல்லாவற்றையும் சொல்வேன். கேட்டுவிட்டுச் சிலர் போனார்கள். எதிர்த்த வீட்டுக்காரர் சிரித்தார். போகட்டும். போனவர்கள் உயிரோடு போனார்கள். ஆச்சிக்கு இதைப் போய்ச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு வைகாசி விசாகத்தில், காலையில், இடம் சொல்லியிருந்தவர்கள் வந்து சேருவதற்கு முன்னால், வள்ளியின் ஆத்தா வாசலில் வந்து நின்றார். கூட வள்ளி. தாவணி போட்டிருந்தாள், தலை நிறைய முடி.

“வாங்க தாயி.”

“நாய் இருக்கா?”

“இல்லை தாயி. பசு ஒண்ணு இருக்கு, பின்னாடி போனா ஒதைக்கும். பூனை ஒண்ணு…”

“தொறங்க.”

நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. முதல் அறையைத் திறந்தேன். உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். இரண்டாவது அறை. மூன்றாவது. ஆறையும் பார்த்தார். சமையல்கட்டு, குளிக்கிற இடம், விறகு அடுக்கின மூலை. நான் முன்னால் போய்க் கதவைத் திறக்கத் திறக்க, அவர் பின்னாலேயே வந்து பார்த்தார். நான் வாயால் சொல்கிற எதற்கும் அந்த அம்மாவிடம் மதிப்பு இல்லை. கடைசியில் கொல்லைக்கு வந்தார். கல்தூணில் பல் பட்ட தடம் இன்னும் இருந்தது. அதைத் தடவிப் பார்த்தார்.

“வீட்டுச் சன்னல்லயெல்லாம் சாக்கைக் கட்டுனோம்ண்ணே. அலைச் சத்தம் கேட்டாலே ஒதறுவாரு. பொறந்ததுலேருந்து அந்தச் சத்தத்துல தூங்குன மனுசன். சாக்கைக் கட்டுனா கடல் கேக்காமப் போயிருமா?”

தூணிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். அன்னைக்கு ஆஸ்பத்திரியில பதினாலு ஊசியும் நீங்களும் போட்டுக்கிட்டீங்க. சந்தேகத்துக்குப் போட்டுக்கிட்டீங்களா, தெரிஞ்சு போட்டுக்கிட்டீங்களா?”

வள்ளி பசுவின் கன்றைத் தடவிக்கொண்டு நின்றாள். அங்கேயும் எனக்கு வழி இருந்தது. சந்தேகத்துக்குத்தான் தாயி என்றால் அவர் நம்பினாலும் நம்பியிருப்பார், நம்பாவிட்டாலும் யாரும் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

“தெரிஞ்சுதான்” என்றேன். “நரி கடிச்சது தெரியும். வெறின்னு தெரியும். அவரு கையை நக்குனதையும் பார்த்தேன்.”

அவர் கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. அதைச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“அவரு பயந்த ஆளுண்ணே” என்றார். “காத்து கொஞ்சம் மாறினாலே கரைக்குத் திரும்பிருவாரு, ஊரே கேலி பண்ணும். வெறின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வள்ளமாவது ஒண்ணாவது, எனக்கு முன்னாடி அவருதான் ஓடிவந்து ஊசிக்கு நின்னுருப்பாரு.”

பிறகு மகளைக் கூப்பிட்டார். “வா வள்ளி. மண்டபத்துல தங்கிக்கலாம்.”

“இங்கயே இருங்க தாயி. கூட்டமா இருக்கும், மண்டபத்துல எடம் கெடைக்காது” என்றேன். ஆறு அறையும் திறந்து கிடந்தது. அவர் தெருவில் இறங்கினார். வள்ளி மட்டும் திரும்பி, “போயிட்டு வாரேன் மாமா” என்றாள். ரோட்டைத் தாண்டிக் கூட்டத்துக்குள் போய்விட்டார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் சொல்லுங்கள். காது கிழிந்திருந்தால் ஏன் கிழிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏதாவது நடந்துவிட்டால் இரண்டாம் தடவையும் சொல்லுங்கள், உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவும். அன்றைக்கு அந்த ஆறு கதவையும் சாத்த எனக்கு வெகு நேரம் ஆனது.